ஈ விழுந்த கோப்பையும் நுரை மூடிய ஆறும்

 

சில மாதங்களுக்கு முன் ஃபஜ்ர் தொழுகை முடிந்து கைப்பேசியைத் திறந்தபோது, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பகிர்வுகள் அடுத்தடுத்து வந்திருந்தன. ஒன்று, ஓர் ஈயின் படம். அதன் தலையின் இருபுறமும் மெல்லிய கம்பி போன்ற தண்டுகள் நீண்டிருந்தன. அத்தண்டுகளின் நுனியில் செம்மணிகளைப் போல் கண்கள். “இவ்வாண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த அதிசய ஈ! விஞ்ஞானமே விளக்க முடியாமல் திகைக்கிறது! பத்துப் பேருக்கு அனுப்பி நன்மையைப் பெற்றுக்கொள்ளுங்கள்” என்று அதன் கீழே எழுதியிருந்தது. மற்றொன்று, கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் நீரில் நுரை மலைபோல் பொங்கி, காற்றில் பறந்து வயல்களில் விழும் காணொளி.

முதலாவதற்கு வரிசையாக ‘சுப்ஹானல்லாஹ்’ வந்தது. இரண்டாவதற்கு ஒருவர் சிரிப்புக் குறி இட்டிருந்தார். மற்றொருவர், “ஓசூருக்குக் காஷ்மீர் வந்துவிட்டது” என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான்.

அன்று முதல் என் நெஞ்சில் நிற்கும் கேள்வியையே இங்கு வைக்கிறேன். ஈயைக் கண்டு படைத்தவனைத் துதித்த அதே விரல், ஆற்றைக் கண்டு சிரித்தது எப்படி? இது ஒரு குடும்பத்தின் குறை மட்டுமன்று. நம் சமுதாயத்தில் அத்தாட்சிகளைப் பார்க்கும் பார்வையே பழுதடைந்து வருகிறது என்பது என் குற்றச்சாட்டு. இக்கட்டுரை சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் இறுதிவரை படியுங்கள்.

பொய்யால் புகழ வேண்டாம்

முதலில் அந்த ஈயைப் பற்றி. அதனைத் ‘தண்டுக்கண் ஈ’ என்று சொல்லலாம். இவ்வாண்டு கண்டுபிடிக்கப்பட்டதன்று. ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் இவ்வினத்துக்கு ‘டயாப்சிஸ்’ என்று பெயரிட்டது 1775-ஆம் ஆண்டில். அப்பெயரிலிருந்தே இக்குடும்பம் முழுமைக்கும் ‘டயாப்சிடே’ என்ற பெயர் வந்தது. ஆப்பிரிக்காவிலும் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவிலும் இதன் இனங்கள் பல வாழ்கின்றன. நம் நாட்டுக்கும் இது அந்நியமன்று. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய கர்னல் சைக்ஸ் என்பவர், மராட்டிய நாட்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் அரிச்சந்திரகட் கோட்டையைச் சூழ்ந்த காட்டில் இவ்வீக்களைத் திரளாகக் கண்டார். அவர் பெயரையே ஓர் இனம் இன்றும் தாங்கியிருக்கிறது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முந்தைய செய்தி இது.

விஞ்ஞானம் திகைத்து நிற்கிறது என்பதும் பொய். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் வாழும் ஓர் இனத்தை ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகக் கூர்ந்து கவனித்து வருகிறார்கள். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்தவுடன் இந்த ஈயின் கண் தண்டுகள் சுருங்கி மென்மையாக இருக்கும். அது காற்றை உள்ளிழுத்துத் தலைக்குள் செலுத்துகிறது, அந்த அழுத்தத்தால் தண்டுகள் நீள்கின்றன, பின்னர் இறுகிவிடுகின்றன. இறுகிய பின் வாழ்நாள் முழுவதும் அந்த அளவு மாறுவதில்லை. ஆணின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட தொலைவு அதன் உடலின் நீளத்தையே மிஞ்சிவிடுவதுண்டு. மாலை வேளையில் ஓடைக்கரையில் தொங்கும் மெல்லிய வேர்களில் இவை கூடுகின்றன. இரு ஆண் ஈக்கள் எதிரெதிரே நின்று கண்களின் அகலத்தை அளந்து பார்க்கின்றன. குறுகியது பெரும்பாலும் சண்டையின்றியே விலகிவிடுகிறது.

இதில் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. புழுப் பருவத்தில் போதிய உணவு கிடைக்காத ஆண் ஈக்குக் கண்ணகலம் குறைந்துவிடுகிறது. லண்டனில் பாட்ரிஸ் டேவிட், ஆண்ட்ரூ பொமியான்கோவ்ஸ்கி முதலானோர் நடத்திய ஆய்வு இதனை 2000-ஆம் ஆண்டில் தெளிவாக எடுத்துரைத்தது. அதாவது அந்தத் தண்டு வெறும் அலங்காரமன்று. அந்த ஈ எத்தகைய சூழலில் வளர்ந்தது என்பதற்கான சாட்சி. தன் நிலையைப் பற்றி அந்த ஈயால் பொய் சொல்ல இயலாது. ஆனால் அதன் படத்தைப் பகிர்ந்த நாமோ இரண்டு வரிகளில் இரண்டு பொய்களைச் சொல்லிவிட்டோம்.

“நல்ல நோக்கத்தோடுதானே அனுப்பினார்கள்?” என்று கேட்பீர்கள். சகோதரர்களே! கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு கட்டளையிடும் வேதம் நம்முடையது. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்று எச்சரித்த நபியின் (ஸல்) உம்மத்து நாம். அல்லாஹ்வின் படைப்பைப் புகழப் பொய்யின் துணை எதற்கு? நாளை நம் பிள்ளை கல்லூரியில் உயிரியல் படித்து, இந்த ஈக்குப் பெயரிட்டு 250 ஆண்டுகள் ஆகிவிட்டன என்று அறியும்போது, அவனுடைய ஐயம் பகிர்ந்தவரின் மீது மட்டும் நிற்காது; நாம் எதற்காக அப்பொய்யைச் சொன்னோமோ அதன் மீதும் விழும். இதற்குப் பொறுப்பேற்பவர் யார்?

வேதம் ஈயைக் கொண்டு யாரிடம் வாதிடுகிறது?

குர்ஆன் ஈயைக் குறிப்பிடுவது 22-ஆவது அத்தியாயமான அல்ஹஜ்ஜின் 73-ஆவது வசனத்தில். அல்லாஹ்வை விடுத்து மனிதர்கள் அழைக்கும் அனைவரும் ஒன்று திரண்டாலும் ஓர் ஈயைப் படைக்க இயலாது. ஈ ஒன்றைப் பறித்துச் சென்றால் அதை மீட்கவும் இயலாது. தேடுபவனும் பலவீனன், தேடப்படுவதும் பலவீனமானது என்பது அதன் கருத்து. அல்பகரா அத்தியாயத்தின் 26-ஆவது வசனமோ, கொசுவையோ அதனினும் மேலானதையோ உவமையாகக் கூற இறைவன் வெட்கப்படுவதில்லை என்று அறிவிக்கிறது. உயிரியல் வகைப்பாட்டில் ஈயும் கொசுவும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இரண்டே சிறகுகள் உடையதால் ‘இருசிறகிகள்’ எனப்படுபவை. இவ்வரிசையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை பெயரிடப்பட்டுள்ளன.

இவ்வசனங்கள் வேடிக்கை காட்டுவதற்காக வந்தவையல்ல. அவை மனிதனின் இறுமாப்பை நோக்கித் தொடுக்கப்பட்ட வாதம். நம் முன்னோர்கள் அதை அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். ஹிஜ்ரி 255-இல் பஸ்ராவில் மறைந்த அல்ஜாஹிள், விலங்குகளைப் பற்றிய தம் பெருநூலில் அவ்வூர் நீதிபதி அப்துல்லாஹ் இப்னு ஸவ்வாரின் நிகழ்ச்சி ஒன்றை எழுதியிருக்கிறார். அந்த நீதிபதி கம்பீரத்துக்குப் பெயர் பெற்றவர். சபையில் அமர்ந்தால் சாய மாட்டார்; கையை அசைக்க மாட்டார்; நட்டுவைத்த பாறைபோல் இருப்பார். ஒருநாள் ஓர் ஈ வந்து அவருடைய மூக்கில் அமர்ந்தது. பிறகு கண்ணின் ஓரத்துக்கு நகர்ந்தது. அவர் பொறுத்தார். இமைத்துப் பார்த்தார். ஈ விலகி மீண்டும் அதே இடத்தில் வந்து கடித்தது. இறுதியில் சபையோர் அனைவரும் பார்த்திருக்க, கையாலும் சட்டைக் கையின் நுனியாலும் அதை விரட்ட வேண்டியதாயிற்று. மனிதர்களிலேயே நிதானமானவன் நான் என்று எண்ணியிருந்தேன், படைப்பினங்களில் மிகப் பலவீனமான ஒன்று என்னை வென்றுவிட்டதே என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மேற்சொன்ன வசனத்தையே ஓதினாராம்.

‘அல்ஜாஹிள்’ என்பது அவருடைய இயற்பெயர் அன்று. கண்கள் புடைத்திருப்பவர் என்ற பொருளில் மக்கள் வைத்த பட்டப்பெயர். அந்தப் புடைத்த கண்கள் ஈயையும் பார்த்தன. ஈயின் முன் மனிதன் அடையும் நிலையையும் பார்த்தன. நம் கண்களுக்கு ஈ மட்டும் தெரிகிறது. ஈ நம்மைப் பற்றிச் சொல்வது தெரிவதில்லை.

நம் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்குப் பெயர் பெற்றது. மாமரம் பூக்கும் காலத்தில் தோப்புக்குள் நின்று பாருங்கள். அந்தச் சிறு பூக்களில் வந்து அமர்பவற்றில் பெரும்பகுதி தேனீக்கள் அல்ல, ஈக்கள். மகரந்தம் சேர்ப்பதில் அவற்றின் பங்கு பெரிது. அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்கும் பூ ஈக்களும், இறைச்சிக்கடையில் நாம் விரட்டும் பச்சை ஈக்களும் அவற்றில் அடங்கும். நீங்கள் முகம் சுளிக்கும் அந்த ஈ, உங்கள் தட்டிலுள்ள மாம்பழத்துக்கு உழைத்த கூலியாள்.

மறுபுறம் ‘பழ ஈ’ என்றொரு குடும்பம் உண்டு. மாங்காயின் தோலுக்கடியில் முட்டையிட்டுப் பழத்தை உள்ளிருந்தே அழிப்பது அதுதான். அக்குடும்பத்திலும் கண் தண்டுடைய இனங்கள் சில இருக்கின்றன. படைத்தவன் ஒரே வடிவத்தை ஒரு குடும்பத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 2014-ஆம் ஆண்டு மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழ இறக்குமதிக்குத் தடை விதித்தது. அனுப்பிய பழங்களில் பழ ஈ காணப்பட்டதே காரணம். அத்தடை 2015-இல்தான் நீக்கப்பட்டது. அன்று 28 நாடுகளைக் கொண்டிருந்த ஓர் ஒன்றியமும், நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட ஒரு நாடும் ஓர் ஈயை முன்னிட்டு வணிகத்தை நிறுத்தின. தேடுபவனின் பலவீனத்தை இதைவிடத் தெளிவாக யார் எடுத்துச் சொல்ல முடியும்?

கோப்பையிலுள்ள ஈ

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன்.

பானத்தில் ஈ விழுந்தால் அதை முழுமையாக அமிழ்த்தி எடுத்துவிடுமாறு கூறும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாகப் பதிவாகியுள்ளது. அதைப் பரிகசிப்பவர்கள் ஒருபுறம். ‘இன்ன நாட்டு ஆய்வகம் நிரூபித்துவிட்டது’ என்று பெயரற்ற ஆய்வுகளைக் கட்டிவிடுபவர்கள் மறுபுறம். இருவருமே அந்த ஹதீஸிலிருந்து நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் எதை எடுத்தார்கள் என்று பார்ப்பதில்லை.

அவர்கள் எடுத்தது ஒரு தூய்மைச் சட்டம். ஓடும் இரத்தம் இல்லாத ஈ, தேனீ, எறும்பு போன்றவை நீரில் விழுந்து இறந்தாலும் அந்த நீர் நஜீஸ் ஆகாது என்பது பெரும்பான்மை அறிஞர்களின் தீர்ப்பு. அந்த நீரால் ஒளூ செய்யலாம். இன்னொரு சட்டமும் உண்டு. நஜீஸ் கலந்து நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றில் ஒன்றேனும் மாறிவிட்டால், அந்த நீர் குறைவாயினும் மிகுதியாயினும் தூய்மையற்றது. இதில் அறிஞர்களிடையே இஜ்மா, அதாவது ஒருமித்த முடிவு, இருக்கிறது.

இவ்விரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஈ இறந்து கிடக்கும் ஒரு குவளை நீரை ஷரீஅத் தூய்மை என்கிறது. கழிவு கலந்து வாடை மாறிய ஓர் ஏரி நீரைத் தூய்மையற்றது என்கிறது. நாமோ தலைகீழாக நடக்கிறோம். தேநீரில் ஈ விழுந்தால் கடைக்காரரிடம் சண்டையிடுகிறோம். அணை முழுவதும் வாடை மாறி, நிறம் மாறி நிற்கும்போது கைப்பேசியில் படம் பிடிக்கிறோம். சட்டம் மன்னித்ததை நாம் மன்னிக்க மறுக்கிறோம்; சட்டம் கண்டித்ததைக் கண்டும் காணாமல் போகிறோம். ஒரு குறிப்பிட்ட இடத்து நீரின் தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டறியுங்கள். நான் ஃபத்வா வழங்கவில்லை. நம் அருவருப்பு மார்க்கத்தின் அளவுகோலை விட்டு எவ்வளவு தூரம் விலகிவிட்டது என்பதையே சுட்டுகிறேன்.

ஆற்றின் கதை

நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்ற பெயருடன் பெங்களூருவின் கிழக்குப் புறமாக வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வழியும் மாநகரக் கழிவுநீர் அதில் கலக்கிறது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் நீர் நிறைந்த பெல்லந்தூர் ஏரியில் தீப்பற்றி எரிந்ததை நாம் செய்திகளில் பார்த்தோம். 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும் பெங்களூரு மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் செலுத்துமாறு உத்தரவிட்டது. அந்த நீரே கொடியாளம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் 44.28 அடி வரை தேங்குகிறது. அங்கிருந்து வாய்க்கால்கள் வழியே வயலுக்குப் போகிறது. ஆற்றின் வழியே கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை கடந்து கடலூர் அருகே கடலை அடைகிறது.

நுரை எங்கிருந்து வருகிறது? துணி துவைக்கவும் பாத்திரம் துலக்கவும் நாம் பயன்படுத்தும் சலவைப் பொருள்கள் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரோடு சேர்ந்து வருகின்றன. மழை பெய்து நீர் பெருகி, மதகுகளின் வழியே உயரத்திலிருந்து விழும்போது காற்றோடு கலந்து நுரைக்கின்றன. சோப்பு நஜீஸ் அன்று என்று சிலர் சொல்வார்கள். உண்மை. ஆனால் அந்தச் சோப்பு தனியாக வரவில்லை. மாநகரத்தின் மலசல நீரையும் தொழிற்கூடங்களின் கழிவையும் துணைக்கு அழைத்து வருகிறது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் சகோதரியின் மகனை அணைக்கு அழைத்துச் சென்றேன். ஐந்து வயது. நுரையைப் பார்த்துக் கைதட்டி, “மாமா, இது பனியா?” என்று கேட்டான். அல்லாஹ்வின் அத்தாட்சி என்று காட்டி அவனை வளர்க்க வேண்டிய ஆற்றங்கரையில், மனிதனின் கழிவைப் பனி என்று அவன் நம்பும் நிலைக்கு அவனைக் கொண்டு நிறுத்தியிருந்தோம். அதைத் தொட ஓடிய அவனைப் பிடித்து இழுக்க மட்டுமே என்னால் முடிந்தது.

இத்தகைய நீருக்கும் சாட்சிகள் உண்டு. அவையும் ஈக்களே. உயிர்க்காற்று நிறைந்த தெளிந்த ஓடையில் பலவகைப் பூச்சிகளின் இளம்புழுக்கள் வாழும். கழிவு மிகுந்து உயிர்க்காற்று குறையும்போது அவை ஒவ்வொன்றாக மறைகின்றன. எஞ்சுவன சில குடும்பங்களே. சேற்றில் நெளியும் சிவப்பு நிறப் புழு அவற்றில் ஒன்று. அது மாலையில் விளக்கைச் சுற்றும் கடிக்காத சிறு கொசு போன்ற பூச்சியின் இளம்பருவம். நம் இரத்தத்தில் இருப்பதைப் போன்ற சிவப்புப் பொருள் அதன் உடலில் இருப்பதால், காற்று அருகிய சேற்றிலும் அது உயிர் தாங்குகிறது. குளியலறைச் சுவரில் இதய வடிவச் சிறகை விரித்து அமரும் சாக்கடை ஈ மற்றொன்று. வால் போன்ற நீண்ட குழாயை மேலே நீட்டி மூச்சுவிடும் புழு இன்னொன்று. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு வேறொன்று. ஓர் ஆற்றின் நலத்தை அளக்க விரும்பும் ஆய்வாளர்கள் அதில் எந்தக் குடும்பத்துப் புழுக்கள் இருக்கின்றன, எவை இல்லை என்று பார்ப்பதும் ஒரு முறை.

தண்டுக்கண் ஈ தன் கண்ணகலத்தால் தான் வளர்ந்த நிலையை அறிவிக்கிறது. ஆற்றங்கரையின் ஈக்கள் தம் வகையால் நம் நிலையை அறிவிக்கின்றன. மறுமையில் நம் கைகளும் கால்களும் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று நம்புகிறவர்கள் நாம். இம்மையிலேயே புழுக்கள் சொல்லிக்கொண்டிருக்கும் சாட்சியத்தை ஏன் செவிமடுப்பதில்லை?

மூன்று மறுப்புகள்

“இது பெங்களூருக்காரர்கள் செய்த குற்றம்; நாம் என்ன செய்வது?” என்பது முதல் மறுப்பு. பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது என்பதை மறுக்கவில்லை. உரிமையைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஓசூர்ப் பகுதியின் வீடுகளும் தொழிற்கூடங்களும் தம் கழிவை எங்கே விடுகின்றன? ஈதுல் அள்ஹா முடிந்த மறுநாள் நம் தெருக்களைப் பாருங்கள். குர்பானியின் குடலும் சாணமும் ஏரிக்கரையிலும் கால்வாயிலும் கொட்டப்படுவதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் அங்கு மொய்க்கும் பச்சை ஈக்களை நாம் சபிக்கிறோம். அவை தம் கடமையைச் செய்கின்றன, அழுகியதை மண்ணாக்குகின்றன. கடமை தவறியவர் குர்பானி கொடுத்தவர். அல்லாஹ்வுக்காக அறுத்த பிராணியின் கழிவால் அல்லாஹ்வின் அடியார் குடிக்கும் நீரைக் கெடுப்பது எந்த வகை வணக்கம்? அண்டை மாநிலத்தை நோக்கி விரல் நீட்டும் முன் அந்த விரலைக் கழுவிக்கொள்ள வேண்டாமா?

“இது அரசின் வேலை, மார்க்கப் பக்கத்தில் இதை ஏன் எழுதுகிறீர்கள்?” என்பது இரண்டாவது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைத் தடுத்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். நீர்த்துறையிலும் நடைபாதையிலும் நிழலிலும் மலம் கழிப்பதைச் சாபத்துக்குரிய செயல்கள் என்று எச்சரித்தவர்களும் அவர்களே. ஒரு தனி மனிதன் நீர்த்துறையை அசுத்தம் செய்வதே சாபத்துக்குரியது என்றால், ஓர் ஊரே சேர்ந்து ஓர் ஆற்றை அசுத்தம் செய்வதை என்னவென்று அழைப்பது? சிறு பாவத்துக்கு ஹதீஸ் உண்டு, பெரும் பாவம் அரசின் துறை என்று யார் நமக்குக் கற்பித்தார்கள்?

மூன்றாவது, படித்த இளைஞர் சிலரின் மறுப்பு. “தண்டுக்கண் ஈயின் கண் நீண்டது பெண் ஈக்கள் நீண்ட கண்ணையே விரும்பித் தேர்ந்ததால்தான் என்று அறிவியல் விளக்கிவிட்டது, இனி இதில் இறை அத்தாட்சி எங்கே?” என்பது அது. ஜெரால்டு வில்கின்சன், பால் ரெய்லோ ஆகியோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பெண் ஈக்களின் விருப்பத்துக்கும் ஆண் ஈக்களின் கண்ணகலத்துக்கும் உள்ள பிணைப்பைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக் காட்டினார்கள் என்பது உண்மை. அதைப் படியுங்கள். ஒன்று எவ்வாறு நிகழ்கிறது என்று அறிவது, அதை நிகழ்த்துபவன் யார் என்ற கேள்வியை அழித்துவிடுவதில்லை. மழை எவ்வாறு பொழிகிறது என்று பள்ளிப் பாடத்தில் படித்துவிட்டுத்தான் மழைத் தொழுகைக்கு அணிவகுக்கிறோம். விளக்க முடியாததில் மட்டும் இறைவனைத் தேடுபவனின் ஈமான், ஒவ்வோர் ஆய்வு வெளிவரும்போதும் ஒரு படி இறங்கும். விளக்கத்துக்குள்ளும் அவனைக் காண்பவனின் ஈமான் படிக்கப் படிக்க ஏறும். அதனால்தான் பொய்ப் பகிர்வு செய்பவரையும் இந்த இளைஞரையும் நான் ஒரே தவற்றின் இரு முனைகள் என்கிறேன். அறியாமையிலேயே இறைவன் இருக்கிறான் என்று இருவருமே நம்புகிறார்கள்.

செய்ய வேண்டியவை

குறை கூறிவிட்டு எழுந்து செல்வது முறையன்று. எளிதில் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

படைப்பின் அதிசயம் என்று எது வந்தாலும், பெயரும் ஊரும் ஆண்டும் தெரியாமல் பகிராதீர்கள். தெரிந்துகொண்டபின் பகிர்ந்தால் ‘சுப்ஹானல்லாஹ்’ இன்னும் உரக்கவே வரும்.

குர்பானிக் கழிவைக் குழி தோண்டிப் புதைக்க ஒவ்வொரு ஜமாஅத்தும் முன்கூட்டியே இடம் ஒதுக்கட்டும். நகரப் பகுதியில் உள்ளாட்சி வாகனத்தை முன்னரே கேட்டுப் பெறட்டும். இறைச்சிக்கடை நடத்தும் சகோதரர்கள் ஆண்டு முழுவதும் இதைப் பேணட்டும்.

பள்ளிவாசலில் ஒளூ செய்த நீர் சாக்கடையில் கலக்காமல் தோட்டத்துக்கோ உறிஞ்சுகுழிக்கோ செல்ல வழி செய்யுங்கள். வீட்டில் சலவைத் தூளை அளந்து போடுங்கள். நம் வீட்டுச் சாக்கடையும் ஏதோ ஓர் ஆற்றில்தான் முடிகிறது.

ஆண்டுக்கு ஒரு ஜும்ஆ குத்பாவேனும் நீரைப் பற்றியதாக இருக்கட்டும். அணை நீரை நம்பிப் பயிரிடும் விவசாயிகள் எந்தச் சமயத்தவராயினும், அவர்கள் மனுக் கொடுக்கும் நாளில் நாமும் உடன் நிற்போம். அண்டை வீட்டார் உரிமையைப் பற்றி நாம் கேட்ட பயான்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் பொருள் கிடைக்கும்.

பிள்ளைகளைத் திரையிலிருந்து எழுப்பி ஓர் ஓடைக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கல்லைப் புரட்டி அதனடியில் வாழ்வதைக் காட்டுங்கள். ஓர் ஈ எவ்வாறு சிறகை மடிக்கிறது, எவ்வாறு முன்கால்களைத் தேய்த்துக்கொள்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கே சிவப்புப் புழு மட்டும் இருந்தால், அதையும் மறைக்காமல் காட்டி, அது ஏன் மட்டும் எஞ்சியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

ஓர் ஈயைக் கூடப் படைக்க இயலாதவர்கள் நாம். அந்த ஈ வாழும் கரையை அழிக்க மட்டும் நமக்கு ஆற்றல் இருக்கிறது. படைக்க இயலாதவன் அழிக்கும்போது, அவன் அழிப்பது தனக்குச் சொந்தமானதையன்று, ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தை. அமானிதத்தைப் பற்றிக் கேள்வி கேட்கப்படும் நாள் ஒன்று உண்டு.

யா அல்லாஹ்! உன் அத்தாட்சிகளை உண்மையோடு பார்க்கும் கண்களை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் நாவைப் பொய்யிலிருந்தும், எங்கள் கைகளை உன் நீரை அசுத்தப்படுத்துவதிலிருந்தும் காப்பாயாக! எங்கள் பிள்ளைகள் நுரையைப் பனி என்று எண்ணாத ஓர் ஆற்றை அவர்களுக்கு விட்டுச்செல்லும் நற்பேற்றை வழங்குவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.